மூன்று வாழைப்பழம் என்றால் எத்தனை?

'நன்றாகப் பழுத்த, நடுத்தர அளவு வாழைப்பழம் - 3.'

முட்டையும் பாலும் சேராத கேக் செய்முறை எதை எடுத்தாலும் இந்த வரி இருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதை நம்பி நான் எடுத்தது தெருமுனைப் பெட்டிக்கடையில் தொங்கிக்கொண்டிருந்த பூவன் பழம் மூன்று. சொன்ன மாவு, சொன்ன சர்க்கரை, சொன்ன நேரம். ஓவனைத் திறந்து எடுத்தால் கத்தி இறங்கவில்லை. என் கணவர் ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றுவிட்டு, "டீயில முக்கிச் சாப்பிடலாம்" என்றார். அவரால் முடிந்த மரியாதை அவ்வளவுதான்.

தப்பு எங்கே என்று பிடிபட நான்கு மாதம் ஆயிற்று. அந்தச் செய்முறையை எழுதியவர் இருக்கும் ஊரில் கடைக்குப் போனால் ஒரே வகை வாழைப்பழம்தான் இருக்கும். கேவண்டிஷ். நம் ஊரில் பச்சைப்பழம், மோரிஸ் என்றெல்லாம் விற்கிறார்களே, அந்தக் குடும்பம். தோலை உரித்துவிட்டு நிறுத்தால் ஒன்று 120 கிராம் வரை வரும். மூன்றுக்கு 350 கிராம் கூழ். நான் போட்ட மாதிரிப் பூவன் மூன்றை உரித்துத் தராசில் வைத்தேன், 180 கிராம்கூட வரவில்லை. முட்டையும் கிடையாது, பாலும் கிடையாது, பழமும் பாதிதான் என்றால் பாவம், மாவு என்ன செய்யும்?

இதில் வெட்கம் என்னவென்றால் நான் நாகர்கோவில்காரி. எங்கள் ஊர்க் கடையில் 'வாழைப்பழம்' என்று மொட்டையாகக் கேட்டால் கடைக்காரர் நம்மை வெளியூர் என்று முடிவு கட்டிவிடுவார். ஏத்தனா, மட்டியா, பாளையங்கோட்டானா, ரசகதலியா, செந்துளுவனா, பேயனா? குழந்தைக்கா, கோயிலுக்கா, புட்டுக்குப் பிசையவா? இத்தனை கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்தவள், ஓவன் என்று வந்தவுடன் மூன்று வாழைப்பழம் என்ற வார்த்தையைக் கேள்வி கேட்காமல் நம்பிவிட்டேன்.

ஓவன் வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். மகளுக்குப் பத்து மாதம் இருக்கும்போது முதன்முதலாக ஒரு ஸ்பூன் தயிர்சாதம் கொடுத்தேன். கால்மணி நேரத்தில் கழுத்து, மார்பு எல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, பசும்பாலும் முட்டையும் அலர்ஜி என்று டாக்டர் சொன்னார். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு இருக்கும் சிக்கல் வேறு. அவர்களுக்கு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிப்பதில்லை, அவ்வளவுதான். இவளுக்குப் பாலில் இருக்கும் புரதமே எதிரி. உடம்பு அதை வேற்று ஆள் என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. அதனால் ஒரு சொட்டு என்றாலும் சொட்டுதான்.

இதை மற்றவர்களுக்குப் புரியவைக்கப் படும் பாடு இருக்கிறதே! "நெய்தானே, அதுல பால் எங்க இருக்கு?" என்பார் எதிர்வீட்டு மாமி. நெய்யில் கசடு எடுத்த பிறகும் பால் புரதம் கொஞ்சம் தங்கும், இவளைப் போன்றவர்களுக்கு அதுவே போதும். "மோர் நீர்க்கத்தானே இருக்கு?" என்பார் அடுத்தவர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பால் நமக்கு உணவுப் பொருள் என்ற கணக்கிலேயே வராது, தண்ணீர் மாதிரி எதிலும் இருக்கும். சைவம் என்று சொல்லிவிட்டால் அதற்குள் பால், தயிர், நெய், வெண்ணெய் எல்லாம் கேட்காமலே வந்து உட்கார்ந்துவிடும்.

முதல் பிறந்தநாளுக்குக் கடையில் கேக் வாங்கினோம். பால் இருக்கா, பால் இருக்கா என்று இரண்டு தடவை கேட்டேன். "முட்டையே கிடையாது மேடம், ப்யூர் வெஜ்" என்றார் கல்லாவில் இருந்த பையன், இரண்டு தடவையும். அவன் பொய் சொல்லவில்லை. முட்டை இல்லாத கேக்கைக் கடைகளில் பெரும்பாலும் கண்டென்ஸ்டு மில்க்கோ தயிரோ ஊற்றித்தான் மெத்தென்று ஆக்குகிறார்கள் என்பது எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. மெழுகுவர்த்தி அணைந்து பத்து நிமிடத்தில் குழந்தையின் உதடு வீங்க ஆரம்பித்தது. அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் விடிந்தது. அடுத்த மாதம் ஓடிஜி என்ற சின்ன மின்சார ஓவன் ஒன்று வாங்கினோம்.

ஆகவே எங்கள் வீட்டில் வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதையுமே தொடாதவர், யாரும் இல்லை. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் சேர்ந்து அந்த வார்த்தையை உண்டாக்கியபோது அவர்களுக்கு ஒரு கொள்கை இருந்தது. எங்களுக்கு இருந்தது மருந்துச்சீட்டு. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பும் உண்டு, அதே அடுப்படியில் பால் வாடையே படாத கேக்கும் உண்டு.

அம்மாவுக்கு ஆரம்பத்தில் இதில் உடன்பாடே இல்லை. போனில் சொன்னாள்: "எதுக்கு மக்ளே கேக்கு? ஓலைக்கொழுக்கட்டை அவிச்சுக் குடுத்தா பிள்ள திங்காதா?" நியாயமான கேள்விதான். திருக்கார்த்திகைக்குக் குருத்தோலையில் வைத்து அவிக்கும் கொழுக்கட்டையில் அரிசிமாவு, கருப்பட்டி, தேங்காய், சிறுபயறு தவிர வேறென்ன இருக்கிறது? முந்திரிக்கொத்தில் என்ன பால்? பலாப்பழமும் வெல்லமும் பிசைந்து இலையில் பொதிந்து அவிக்கும் அடையில்? தேங்காய்ப்பாலில் கொதிக்கும் பாயசத்தில்? மாடு இல்லாத வீட்டில் தென்னை இருந்தது, அதற்கேற்றபடி பலகாரம் இருந்தது. நான் அம்மா சொன்னதை அப்படியே மகளிடம் சொன்னேன். அப்போது அவளுக்கு மூன்று வயது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொழுக்கட்டையில கேண்டில் எங்க குத்துவ?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். பெயர் ஆல்ஃபிரட் பேர்டு, ஊர் பர்மிங்காம், காலம் ராணி விக்டோரியா காலம். அவர் மனைவிக்கு முட்டை சேராது, ஈஸ்டும் சேராது. ஆனால் கஸ்டர்ட் பிடிக்கும். மனுஷர் 1837-இல் சோளமாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்ட் செய்தார். நாம் மளிகைக்கடையில் வாங்கும் கஸ்டர்ட் பவுடரின் பாட்டன் அது. பிறகு அந்த அம்மாளுக்கு ஈஸ்ட் சேராத ரொட்டி வேண்டும் என்று 1843-இல் பேக்கிங் பவுடரைச் செய்தார். உலகம் முழுக்க இன்று கேக் உப்புகிறது என்றால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு வீட்டில் ஒருத்திக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மூன்றாவது கேக்கையும் குப்பையில் போடும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

சரி, பழத்துக்கு வருவோம்.

கேக்கில் முட்டை நான்கு வேலை பார்க்கிறது. மாவைப் பிடித்து வைக்கிறது, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்து வைக்கிறது, காற்றைப் பிடித்து உயர்த்துகிறது, சூட்டில் இறுகி உருவம் கொடுக்கிறது. பழக்கூழால் இதில் முதல் இரண்டைத் தாராளமாகச் செய்ய முடியும். பெக்டின் என்ற பசை அதில் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, இனிப்பும் இருக்கிறது. ஆனால் உயர்த்தும் வேலை பழத்துக்குத் தெரியாது. அதை ஆப்பசோடாவிடம் விட வேண்டும். சோடாவும் தனியாகச் சரியாக வேலை செய்யாது, கூடப் புளிப்பு வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டவுடன் நுரைத்துக் கரியமில வாயுவை விடும். அந்த நுரை அடங்குவதற்குள் மாவு சூட்டுக்குள் போய்விட வேண்டும். மாவைக் கலந்து வைத்துவிட்டு, போன் அடிக்கிறதே என்று போய்ப் பத்து நிமிடம் பேசினால் போச்சு. பேக்கிங் பவுடர் பரவாயில்லை, கொஞ்சம் பலத்தை ஓவன் சூட்டுக்கென்று மிச்சம் வைத்திருக்கும். நான் இரண்டும் போடுகிறேன். சோடா கூடினால் கேக் சோப்பு மாதிரி இருக்கும், நிறமும் கருக்கும்.

இந்த இடத்தில்தான் எந்தப் பழம் என்பது முக்கியமாகிறது. பூவனில், எங்கள் ஊர்ப் பாளையங்கோட்டானில், இயல்பாகவே ஒரு புளிப்பு உண்டு. அதைப் போட்டால் எலுமிச்சையைக் குறைக்கலாம். ரசகதலி வாசத்துக்கு நிகர் இல்லை, ஆனால் நடுவில் கட்டி விழுந்த பழம் மாட்டினால் எவ்வளவு பிசைந்தாலும் கரையாது, கேக்கில் பல்லில் படும். கற்பூரவள்ளியில் இனிப்பு ஏராளம், சர்க்கரையைத் தைரியமாகக் குறைக்கலாம், ஆனால் பிசின் மாதிரி ஒட்டும். பச்சைப்பழம் ஒரு வம்பும் செய்யாது, ஒரு ருசியும் தராது. நேந்திரம் என்றும் சொல்லும் ஏத்தன் தனி ராஜ்ஜியம். வாழைக்காய்ச் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. சாதாரணப் பழங்களில் பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறி ஒன்றிரண்டு சதவீதம்தான் மிஞ்சும். ஏத்தன் மஞ்சளான பிறகும் நிறைய மாவைத் தனக்குள் வைத்திருக்கும். அதனால் அதன் தோல் கருத்து, பழம் தொட்டால் அமுங்கி, 'இனி தூரப் போட வேண்டியதுதான்' என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்யும் நாள்வரை காத்திருக்க வேண்டும். அந்த நாள்தான் கேக்குக்கு நல்ல நாள்.

மட்டி பற்றித் தனியாகச் சொல்லாமல் இருந்தால் ஊரில் என்னை உள்ளே விட மாட்டார்கள். விரல் நீளப் பழம், மெல்லிய தோல், தேன் வாசம். குழந்தைக்கு முதன்முதலில் பிசைந்து கொடுக்கும் பழம் எங்கள் பக்கம் இதுதான். என் மகளும் தயிர்சாதத்துக்கு முன்னால் இதைத்தான் சாப்பிட்டாள், ஒன்றும் செய்யவில்லை. 2023-இல் கன்னியாகுமரி மட்டி என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. அம்மா அவ்வப்போது சென்னைக்கு வரும் பஸ்ஸில் ஒரு குலை போட்டுவிடுவாள். கணவர் காலையில் கிளாம்பாக்கம் போய், செய்தித்தாளில் சுற்றிய குலையைக் குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கிவருவார். இரண்டு நாள் பச்சையாக நின்று நம்மை ஏமாற்றும். மூன்றாம் நாள் காலை எழுந்தால் குலை முழுக்க ஒன்றாகப் பழுத்திருக்கும். ஒரு குலை மட்டியை இரண்டு பெரியவரும் ஒரு குழந்தையும் எப்படித் தின்று தீர்ப்பது? கேக்காகத்தான்.

எண்ணிக்கையை விட்டுவிட்டேன், இப்போது எல்லாம் எடைதான். உரித்த பழம் 300 கிராம். நாட்டுச்சர்க்கரை 120 கிராம், கற்பூரவள்ளி என்றால் 80. தேங்காய் எண்ணெய் 80 மில்லி, கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 60 மில்லி. கோதுமை மாவும் மைதாவும் பாதிப்பாதியாக 200 கிராம். பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஆப்பசோடா அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, எலுமிச்சைச் சாறு இரண்டு டீஸ்பூன், ஏலக்காய், சுக்குப்பொடி. பழம், சர்க்கரை, எண்ணெய், தேங்காய்ப்பால், எலுமிச்சைச் சாறு ஒரு பாத்திரம். மாவு, சோடா வகையறா சலித்து இன்னொரு பாத்திரம். ஓவன் சூடாகி, டின்னில் எண்ணெய் தடவித் தயாரான பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று, அவ்வளவுதான். அங்கங்கே மாவு தெரிந்தாலும் கை வைக்காதீர்கள். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி அடித்தால் சப்பாத்தி மாதிரியே வரும். 170 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். வெந்ததா என்று பார்க்க நான் ஈர்க்குச்சிதான் குத்துகிறேன்.

அடுத்ததுதான் கஷ்டமான கட்டம். வெட்டக் கூடாது. முட்டை இல்லாத பழக் கேக்கைச் சூட்டோடு வெட்டினால் உள்ளே களி மாதிரி இருக்கும், வேகவில்லை என்று நினைப்போம். முழுக்க ஆறினால்தான் இறுகும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் மறுநாள்வரை இருந்ததாக ஞாபகம் இல்லை.

சென்னை வெயிலில் வெளியே ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் கல்லாகும், பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் வரும் வினை அது. வெளியே எடுத்து அரைமணி வைத்தால் பழையபடி மெத்தென்று ஆகிவிடும். செக்கு எண்ணெயில் செய்தால் வாசனை தூக்கும். ஏத்தம்பழம், வெல்லம், சுக்கு, தேங்காய் எண்ணெய் நான்கும் சூட்டில் சேர்ந்தவுடன் வீடு முழுக்க நாகர்கோவில் சிப்ஸ் கடை மணக்கும். முதல் தடவை அந்த வாசம் வந்தபோது நான் அடுப்படியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். கேக்கில் சர்க்கரை வரட்டி (வெல்லப்பாகில் புரட்டிய ஏத்தங்காய் வறுவல்) வாசம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வாழைப்பழம் பிடிபட்ட தெம்பில் மற்ற பழங்களிடம் போனேன். எல்லாம் நல்லபடியாக முடியவில்லை.

மாம்பழம் என்னை நன்றாக ஏமாற்றியது. மே மாதம், சேலத்து மல்கோவா, கிலோ விலையை இங்கே எழுதினால் கணவர் படித்துவிடுவார். கூழெடுத்து, வாழைப்பழத்துக்குப் பதிலாக ஊற்றிச் செய்தேன். நிறம் பிரமாதம். வாயில் வைத்தால் வெறும் இனிப்பு மாவு. மாம்பழத்தின் அழகே அந்த வாசனைதான், அது சூட்டில் பறந்துவிடுகிறது. இத்தனை நல்ல பழத்தை வேகவைத்தது பாவம் என்று இன்றும் தோன்றும். இப்போதெல்லாம் வெறும் தேங்காய்ப்பால் கேக் செய்து, ஆறிய பிறகு மேலே வேகவைக்காத மாம்பழக் கூழை ஊற்றிக்கொடுக்கிறேன்.

நான்காவது பிறந்தநாளில் க்ரீம் ஆசை வந்தது. தேங்காய்ப்பாலை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் கெட்டி மேலே மிதக்கும், அதை எடுத்து அடித்தால் க்ரீம். செய்து பார்த்தேன், அசல் கடை க்ரீம் மாதிரியே நின்றது. ஏசி அறையில் நின்றது. கேக்கை ஹாலுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, போட்டோ எடுக்கும் மாமாவுக்காகக் காத்திருந்த ஏழு நிமிடத்தில் கேக்கின் நாலு பக்கமும் வெள்ளையாக வழிய ஆரம்பித்தது. மகள் அழவில்லை. "அம்மா, கேக்குக்கு வேர்க்குது" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் விரலால் வழித்து நக்கினார்கள். அன்றோடு க்ரீமை விட்டுவிட்டேன்.

க்ரீமின் இடத்துக்கு வந்தது சக்கை வரட்டி. எங்கள் பக்கம் பலாப்பழம் சக்கை. அதில் வருக்கை என்றால் மரியாதை, சுளை விறைப்பாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும். கூழன் என்றால் இளக்காரம். சுளை கொழகொழவென்று நாராக இருக்கும், வந்தவர்களுக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். ஓவனில் இந்த அந்தஸ்து தலைகீழ். வருக்கைச் சுளையை நறுக்கிப் போட்டால் வெந்த பிறகு ரப்பர் துண்டு மாதிரி நிற்கும். கூழனை மசித்து, நாரை வடித்து, வெல்லம் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் உருளியில் போட்டுக் கிண்டினால் ஒன்றரை மணி நேரத்தில் கரும்பழுப்பாகச் சுருண்டு வரும். கை விட்டுப்போகும், அது வேறு விஷயம். கேக் மேலே அரை அங்குலம் பூசினால் மே மாத வெயிலுக்கும் அசையாது. மெழுகுவர்த்தியும் ஆடாமல் நிற்கும்.

அன்னாசியை அப்படியே போட்டால் கேக்கின் அடி நனைந்து போகும். வெல்லப்பாகில் போட்டு ஈரம் வற்றும்வரை வதக்கிவிட்டு, டின்னின் அடியில் அடுக்கி மேலே மாவை ஊற்றிக் கவிழ்த்தால் நன்றாக வரும். அன்னாசியில் இன்னொரு விசேஷம். அதில் புரதத்தை அறுக்கும் ப்ரோமெலெய்ன் என்ற நொதி உண்டு. பச்சை அன்னாசிச் சாற்றில் ஜெலட்டின் போட்டால் உறையவே உறையாது, ஏனென்றால் ஜெலட்டின் விலங்குப் புரதம். அகர் அகர் என்ற கடல்பாசி அசையாது, அது பாசியிலிருந்து எடுக்கும் பசை, புரதம் இல்லை. நோன்பு மாதத்தில் எங்கள் தெரு பாத்திமாக்கள் வீட்டிலிருந்தெல்லாம் வரும் கடல்பாசியை நான் சின்ன வயதில் தின்றது வெறும் ருசிக்காக. ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரிக்கு மேல் சூடானால்தான் உருகும் என்பதும், சென்னை வெயில் அதை ஒன்றும் செய்யாது என்பதும் இப்போது கணக்குப் போட்டு வாங்கும்போதுதான் தெரிகிறது. ஒரு லிட்டருக்குப் பத்து கிராம். இளநீரில் கரைத்துக் காய்ச்சி, அன்னாசித் துண்டு போட்டு உறையவைத்தால் ஓவனே வேண்டாம்.

கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். 2014-இல் ஜோயல் ரோஸெல் என்ற பிரெஞ்சுக்காரர், டப்பாக் கடலைத் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கும் என்று எழுதினார். அடுத்த வருஷம் அமெரிக்காவில் கூஸ் வோல்ட் என்பவர் சர்க்கரை மட்டும் சேர்த்து அடித்தே அதைக் கெட்டியாக நிறுத்திக் காட்டி, அக்வாஃபாபா என்று பெயரும் வைத்தார். நமக்கு டப்பா வேண்டாம், நவராத்திரி சுண்டலுக்கு உப்பில்லாமல் வேகவைத்த தண்ணீரைப் பாதியாக வற்றவைத்தால் போதும். நுரை வருகிறது, உண்மைதான். இருபது நிமிடம் பீட்டர் ஓடுகிறது, கீழ்வீட்டில் புகார் வருகிறது. ஒருமுறை செய்தேன், வேடிக்கையாக இருந்தது, அப்புறம் செய்யவில்லை. பழம் இருக்கும்போது அது எதற்கு?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பால் இல்லை, முட்டை இல்லை, நாட்டுச்சர்க்கரை என்றவுடன் "அப்ப இது ஹெல்தி, சுகர் பேஷண்ட் சாப்பிடலாம்ல?" என்று கேட்கிறார்கள். கூடாது. வெல்லமும் சர்க்கரைதான், கருப்பட்டியும் சர்க்கரைதான், கருத்துப்போன ஏத்தம்பழத்திலும் சர்க்கரை நிறைய. கேக் கேக்தான். என் மாமனாருக்கு நானே அரைத் துண்டுதான் வெட்டுவேன், அவர் என்னிடம் கோபித்துக்கொண்டு மகளிடம் கால் துண்டு கேட்டு வாங்குவார்.

கிறிஸ்துமஸ் வந்தால் நாகர்கோவிலில் எந்த மதத்து வீடாக இருந்தாலும் ப்ளம் கேக் வந்து சேரும். பத்து வீட்டுக் கேக்கையும் என் மகள் பார்க்கத்தான் முடியும். அதனால் அக்டோபரிலேயே பேரீச்சை, உலர்திராட்சை, முந்திரி எல்லாம் ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் ஒரு ஜாடி வைத்துவிடுகிறேன். 1883-இல் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு, மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கொண்டுவந்து காட்டிய கேக்கைப் பார்த்து இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்பார்கள். பிராந்திக்குப் பதிலாக உள்ளூர் முந்திரிப்பழமும் கதலிப்பழமும் புளிக்கவைத்த சாராயத்தை ஊற்றினாராம். கையில் இல்லாத ஒன்றுக்குப் பதிலாகப் பழத்திடம் போனவர் என்ற வகையில் எனக்கு அவர்மேல் தனி மதிப்பு. ப்ளம் கேக்கில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, பச்சை டூட்டி ஃப்ரூட்டியை மட்டும் வீட்டிலேயே செய்கிறேன். அது பப்பாளிக்காய் என்று தெரிந்த அன்று மகள் நம்பவில்லை. பொடியாக நறுக்கி, வேகவைத்து, பாகில் ஊறவைத்து, பீட்ரூட் தண்ணீரில் முக்கிக் காயவைத்துக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

போன மாதம் அம்மா வீடியோ காலில் வந்தாள். மேசைமேல் ஒரு பழைய அலுமினியப் பானை. பானைக்குள் சலித்த மணல் பரப்பி, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, மூடி போட்டு, ஸ்டவ்வில் முக்கால் மணி நேரம் சிறுதீ. எங்கள் சின்ன வயதில் பக்கத்துவீட்டு அக்கா கேக் செய்த முறை. அப்போது அம்மா அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது பானைக்குள்ளிருந்து எடுத்த கேக் ஒரு பக்கம் சாய்ந்து, மேலே வெடித்து, நல்ல கருப்பட்டி நிறத்தில் இருந்தது.

"பிள்ள லீவுக்கு வருமில்லா, அதான் செஞ்சு பாத்தேன். நல்லா வந்திருக்கு, கேட்டியா."

"நெய் எதும் தடவலியே?"

"எனக்குத் தெரியாதா மக்ளே? தேங்காண்ணதான்."

"எத்தன பழம்மா போட்ட?"

அம்மா கேக்கைத் திருப்பிப் பார்த்தாள். "மட்டிக்கு என்ன கணக்கு? யாராவது பழத்த எண்ணிப் போடுவாவளா? குலையில கீழ் ரெண்டு சீப்பு பழுத்துக் கெடந்து, அதப் போட்டேன்."

என் பின்னால் நின்ற மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆச்சி, அந்த வெடிச்ச பக்கம் எனக்கு."